அன்றே சொன்னவர்

"கண்ணை மூடிக்கங்க சார்" என்றார் மேக்கப் எத்திராஜ். தாணுமூர்த்தி மூடிக்கொண்டார். ஈரப் பஞ்சு நெற்றியில் பட்டது, பிறகு மூக்கின் இரண்டு பக்கமும், பிறகு காது மடல். காதை விட்டுவிட்டால் கேமராவில் காது மட்டும் வேறு யாருடையதோ மாதிரிச் சிவந்து தெரியும் என்று எத்திராஜ் நாலு வருடத்துக்கு முன்னால் சொன்னார், அன்றையிலிருந்து இவரும் இரண்டு காதையும் சமர்த்தாகத் திருப்பிக் கொடுக்கிறார். தொடைக்கு அடியில் போன் அதிர்ந்தது. சத்தத்தை நிறுத்திவிட்டார், அதிர்வை நிறுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. முழுசாக அணைத்துவிட்டால் ஒளிந்துகொண்டது போல ஆகிவிடும், அதிர விட்டால் ஏதோ வேலையில் இருப்பது போல ஆகும், அப்படி ஒரு நியாயம் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியராக முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்திய மூளைக்கு. பதினொன்று. காலையிலிருந்து இது பதினோராவது. எடுத்துப் பார்க்காமலே யாரென்று தெரியும். குமரி மாவட்டத்துக் கடற்கரையில் ஒரு வீட்டில் பிரகாசி என்று ஒரு பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், அல்லது உட்கார்ந்திருக்கிறாள், எப்படி இருக்கிறாளோ, அவள் முகம்கூட இவருக்குத் தெரியாது. குரல் தெரியும். அந்தக் குரல் 'நிக்கச் சொல்லட்டா, வரச் சொல்லட்டா' என்று கேட்டது தெரியும். இவர் சொன்ன பதிலும் தெரியும். பஞ்சு கழுத்துக்கு இறங்கியது. போன் நின்றது.

"சார், நைட்டுக்குள்ள டேங்க்கை ஃபுல் பண்ணிரலாமா?" என்று எத்திராஜ் கேட்டார். பெட்ரோல் விலையைத்தான் கேட்கிறார். நாலு வருடமாக டிவி விவாதங்களில் அடிபடும் அந்த நாட்டின் மேல் இன்றைக்கு விடிவதற்கு முன்னால் வல்லரசின் விமானங்கள் குண்டு போட்டிருக்கின்றன, எண்ணெய் விலை ஏறும், எத்திராஜிடம் ஸ்கூட்டர் இருக்கிறது, எதிரே நாற்காலியில் விவரம் தெரிந்தவர் உட்கார்ந்திருக்கிறார். இதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லாரும் கேட்கிறார்கள். பால் பூத்தில் கேட்பார்கள், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு இடுக்கியோடு கேட்பார், "சார், அந்த நாடு நெஜமாவே அணுகுண்டு செஞ்சிருச்சா?" இவர் வாயைத் திறந்தபடியே தலையை ஆட்டுவார், அதையும் ஒரு கருத்தாக அவர் எடுத்துக்கொள்வார். "போட்டுருங்க எத்திராஜ், எதுக்கும்" என்று சொல்ல வாயெடுத்தார். சட்டென்று நாக்கு நின்றுவிட்டது. யாருக்கும் எதையும் சொல்லக் கூடாது, இனிமேல் டேங்க்கை நிரப்பு என்றுகூட ஒரு மனிதனுக்குச் சொல்லக் கூடாது. "எனக்குத் தெரியல எத்திராஜ்" என்றார். எத்திராஜ் சிரித்தார். "உங்களுக்கா தெரியாது! ஷோவுல சொல்றதுக்கு வச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் பவுடர் டப்பாவைத் திறந்தார். அந்த வாசனை வந்ததும் கர்னலின் நினைவு வந்தது. ஓய்வுபெற்ற கர்னல் ஒருவருக்கு டெங்கு வந்ததில்தான் இவ்வளவும் தொடங்கியது. நாலு வருடத்துக்கு முன்னால் இவர் இந்த ஸ்டுடியோவுக்கு முதன்முதலாக வந்தது, டிவி விவாதத்தில் எதிர்ப்பு நாற்காலியில் உட்கார. அந்த நாட்டை அடிக்கக் கூடாது, நெருக்க நெருக்க அதற்குப் பயம்தான் கூடும், பயந்தவன்தான் குண்டைத் தேடுவான், தடை போட்டால் சனங்கள் பட்டினி கிடப்பார்களே தவிர ஆளுகிறவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு குறையாது, நம்முடைய நாடு இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்திருக்கவேண்டும், ஏனென்றால் நம் சனங்கள் அங்கே பிழைக்கப் போயிருக்கிறார்கள். இப்படித்தான் ஒரு சிற்றிதழில் பதினாறு பக்கம் எழுதியிருந்தார். படித்தவர்கள் முந்நூறு பேர் இருந்தால் அதிகம். ஆனால் எழுதியது மனசாரத்தான். அன்றைக்கு ஆதரவு நாற்காலிக்கு வரவேண்டிய கர்னல் காய்ச்சலில் படுத்துவிட்டார். விருந்தினர்களைக் கூட்டிவரும் ஷர்மிளா கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். "சார், எதிர்ப்புக்கு ரெண்டு பேர் இருக்கீங்க, ஆதரவுக்கு ஆளே இல்ல. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் நீங்க அந்தப் பக்கம் உக்காந்து பேசிருங்களேன், ப்ளீஸ். உங்களுக்குத் தெரியாததா?" அந்த 'உங்களுக்குத் தெரியாததா'வில் விழுந்தார். வகுப்பில் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் வாதாடிக் காட்டியவர்தானே, இது என்ன பிரமாதம் என்று எழுந்து எதிர் நாற்காலிக்குப் போனார். ஆறடி தூரம்கூட இருக்காது.

அன்றைக்குத்தான் அந்தப் பட்டாசு குடோன் வாயில் வந்தது. யோசித்து வைத்ததில்லை, சத்தியமாக இல்லை. "உங்க பக்கத்து வீட்டுக்காரன் வீட்டுக்குள்ளயே பட்டாசு குடோன் கட்டுறான். நீங்க அவனுக்கு மனு எழுதிக்கிட்டு இருப்பீங்களா, கதவை உடைச்சு உள்ள போவீங்களா?" என்று மேசையைத் தட்டினார். தொகுப்பாளர் இளமாறன் அடுத்த கேள்வியை விட்டுவிட்டு அவர் பக்கமே திரும்பினான். அந்த நாற்பது விநாடித் துண்டு யார் யார் போனுக்கெல்லாமோ போயிற்று. மறுநாள் பால் பூத்தில் பாக்கெட்டை நீட்டியவன், "குடோன் சாரா?" என்றான். அறுபது வயதுவரை நாலு சுவருக்குள்ளேயே கேட்ட குரல் அது, பாவம், வெளியே கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. கர்னல் தேறி வந்தார், ஆனால் நாற்காலி திரும்பிப் போகவில்லை. ஒரு நாள் என்று உட்கார்ந்தது நாலு வருடம் ஆயிற்று. எதைச் சொன்னாலும் அது விவாதம்தானே, நம் ஸ்டுடியோவைக் கேட்டா வல்லரசுக்காரன் விமானம் அனுப்பப் போகிறான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். அதுவும் உண்மைதான். உண்மையாக இருப்பதுதான் இன்றைக்கு உறுத்துகிறது. இன்னொன்றும் இருக்கிறது. அதை நினைக்காமல் தாண்டிவிடப் பார்க்கிறார், முடியவில்லை. எதிர் நாற்காலியில் உட்காரும் வக்கீல் கனகசபை ஒரு தடவை கேட்டார், "சார், அந்த குடோனுக்குள்ள வேலை பாக்குறவங்களை என்ன செய்வீங்க?" நல்ல கேள்வி. வகுப்பில் ஒரு மாணவன் கேட்டிருந்தால் தட்டிக்கொடுத்திருப்பார். இவர் சிரித்துக்கொண்டே, "லீவு விட்டுருவோம் சார்" என்றார். ஸ்டுடியோ சிரித்தது. கேமராவுக்குப் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கனகசபைகூடச் சிரித்துவிட்டார், தலையை ஆட்டிக்கொண்டு. லீவு. அந்தச் சொல்லை வாய்க்குள் நினைத்தாலே இப்போது முகம் சுடுகிறது. எத்திராஜின் பவுடருக்கு அடியில் சுடுகிறது, வெளியே தெரியாது. வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தானே எத்திராஜுக்குச் சம்பளம்.

பிரகாசி போன் செய்தது மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பால்கனியில் பேப்பரை விரித்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். வலது கை கட்டைவிரல் நகம் எப்போதும் முரண்டு பிடிக்கும், அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பர். "சாரே, நீங்க டிவியில பட்டாசு குடோன்னு பேசினீயல்லா, அந்த சாருதானே?" என்றது குரல். நாகர்கோவில் பக்கத்துப் பேச்சைக் கேட்டதும் மனசு குளிர்ந்தது. இவருக்கும் சொந்த ஊர் நாகர்கோவில்தான். அவருடைய பழைய மாணவன் ஒருவன் அவளுடைய கடற்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், அவன் நம்பர் கொடுத்தானாம். அவள் கணவன் ததேயு அந்த நாட்டில், ஒரு தீவில், அங்குள்ள முதலாளியின் படகில் மீன் பிடிக்கிறான். நாலு வருடமாக இவர் 'அந்த நாடு, அந்த நாடு' என்று பேசிய நாட்டுக்குள் ததேயு என்று ஒருவன் வலை இழுக்கிறான் என்பது அப்போதுதான் முதன்முதலாகக் காதில் விழுகிறது. பதினாறு பக்கக் கட்டுரையில் 'நம் சனங்கள்' என்று எழுதியவர் ஒருத்தன் பேரையாவது தெரிந்துகொண்டா எழுதினார்? "நீங்க அடிக்கணும் அடிக்கணும்னு டிவியில சொல்லுதீயல்லா சாரே, அதைக் கேட்டுட்டுப் பயந்துதான் போட்டேன். நெசமாட்டே அடிச்சிருவாவளா? முதலாளி, போறவன் போலாம்னு சொல்லிட்டாராம். நம்ம கரையில எட்டுப் பேரு வந்தாச்சு. எங்க வீட்டுக்காரவியளும் வேற மூணு பேரும் என்ன செய்யன்னு தெரியாம நிக்காவ. இப்பதான் மீன் பாடு தொடங்கிருக்கு, அதான். நிக்கச் சொல்லட்டா, வரச் சொல்லட்டா?"

அவர் ஒரு விநாடி யோசித்தாரா? யோசித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். யோசிக்கவே இல்லை. நகவெட்டியை மடக்கிக்கொண்டே சிரித்தார், அதுதான் மறக்க முடியவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணும் நடக்காதும்மா. டிவியில பேசுறது வேற, அது விவாதம். அடிக்க மாட்டாங்க. ரெண்டு பக்கமும் மிரட்டுவாங்க, கடைசியில மேசையில உக்காந்து பேசுவாங்க. பயப்படாம நிக்கச் சொல்லு." உள்ளே உள்ள ஆசாமி, பதினாறு பக்கம் எழுதிய ஆசாமி, எழுந்து வந்து பேசிவிட்டான். டிவியில் ஊருக்கெல்லாம் பொய்யை விற்றவருக்கு ஒரு பெண்ணிடம் மட்டும் மனசில் இருப்பதைச் சொல்லவேண்டும் என்று தோன்றிவிட்டது. அதில் ஒரு பெருமைகூட இருந்தது: பார், உனக்கு மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். டிவியில் சொன்ன பொய்யையே அவளிடமும் சொல்லித் தொலைத்திருந்தால் ததேயு இந்நேரம் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பான். அவள் பயந்தது சரி. இவர் பொய்யை நம்பிப் பயந்தாள், பயந்ததுதான் சரி, இவர் அந்தப் பயத்தைத் தடவிக்கொடுத்துத் தூங்க வைத்தார். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் தப்பிக்க வழி இல்லை. டிவியில் பேசியது மனசுக்கு விரோதம். மனசிலிருந்து பேசியது நாலு ஆளை அங்கேயே கட்டிப் போட்டுவிட்டது. "அப்ப நாலு பேருட்டயும் சொல்லிருதேன் சாரே. ஒருத்தருக்குப் பேரு..." என்று அவள் ஆரம்பித்தாள். இவர் போனில் இன்னொரு அழைப்பு பீப் அடித்தது. ஷர்மிளா. அன்றைய விவாதத்துக்கு. "சரிம்மா, சரிம்மா, வச்சிடட்டா" என்றார். மனைவி பகவதி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் போல. "டிவியில ஒண்ணு சொல்லுதீங்க, அந்தப் பிள்ளைகிட்ட ஒண்ணு சொல்லுதீங்க, இதுல எது நெசம்?" என்றாள். "அது டிவி" என்றார். பகவதி மேற்கொண்டு கேட்காமல் போனது அன்றைக்கு வசதியாக இருந்தது.

எத்திராஜ் புருவத்தைச் சீப்பால் வாரினார். "கழட்டி வச்ச கண்ணாடியைப் பையில போட்டுக்கங்க சார், மறந்துட்டுப் போட்டுக்கிட்டுப் போயிராதீங்க. பத்து வயசு கூடத் தெரியும்." நாலு வருடமாக ஷோவில் கண்ணாடி போட்டதில்லை. மேசைமேல் இருக்கும் காகிதத்தில் ஓர் எழுத்தும் தெரியாது, ஆனாலும் அதைப் பார்த்துப் பேசுவது போலத் தலையைக் குனிவார். கண்ணாடி சட்டைப் பைக்குள் போயிற்று. இன்றைக்கு விடியற்காலை ஐந்தரைக்கு ஷர்மிளாவின் மெசேஜ்தான் எழுப்பியது. "சார்!!! நீங்க சொன்னது நடந்துருச்சு!!!" டிவியைப் போட்டார். புகை, வரைபடம், சிவப்பு வட்டங்கள். அப்போது மனசில் முதலில் வந்தது என்ன? வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம், உன்னிடமாவது சொல் தாணுமூர்த்தி. சந்தோஷம் வந்தது. துள்ளிக்கொண்டு வந்தது. 'நான் சொன்னேனே' என்று வந்தது. அவர் அதை நம்பவே இல்லையே, நடக்காது என்று அடித்துச் சொன்னவர் ஆயிற்றே, எந்த முகத்தோடு அந்தச் சந்தோஷம் வந்தது? பல் தேய்க்கப் போனார். பாதி தேய்த்தபோது சிவப்பு வட்டங்களில் ஒன்று ஒரு தீவின் மேல் இருந்தது நினைவுக்கு வந்தது. ராணுவத் துறைமுகம் இருக்கிற தீவு. மீன்பிடித் துறையும் அதே தீவில்தான் இருக்கிறதென்று பிரகாசி சொல்லியிருந்தாள். பிரஷ்ஷை வாயில் வைத்தபடி கண்ணாடி முன்னால் நின்றார். பிறகு ஒரு காரியம் செய்தார். வாயைக்கூடக் கொப்பளிக்காமல் கட்டிலுக்குப் போய்ப் போனை எடுத்து, மூன்று வாரத்துக்கு முந்தைய அழைப்புகள் வரைக்கும் தள்ளித் தள்ளிப் போய், அந்த ஞாயிற்றுக்கிழமை நம்பரை அழித்தார். யாராவது கேட்டால்? நிருபர் யாராவது அவளிடம் போய், அவள் 'டிவி சாருதான் நிக்கச் சொன்னாரு' என்று சொல்லிவிட்டால்? ததேயு உயிரோடு இருக்கிறானா என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. தன் பேர் வெளியே வந்துவிடுமா என்றுதான் தோன்றியது. அழித்து முடித்த பத்தாவது நிமிஷத்தில் அதே நம்பரிலிருந்து முதல் அழைப்பு வந்தது. அழித்தது திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

"சார், ரெடியா?" ஷர்மிளா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் டேப்லெட். முகம் பூரித்திருந்தது. "அஞ்சு மணி ஸ்பெஷல், உங்க துண்டோடதான் ஓப்பனிங். பாருங்க." திரையில் நாலு வருடத்துக்கு முந்தைய தாணுமூர்த்தி மேசையைத் தட்டினார். முடி கொஞ்சம் கூடுதலாகக் கறுப்பு. கதவை உடைச்சு உள்ள போவீங்களா என்றார். பிறகு இன்றைய புகை. பிறகு தங்கநிற எழுத்தில், முழுத் திரைக்கும்: 'அன்றே சொன்னார்!' எத்திராஜ் கை தட்டினார், பஞ்சோடு. "லீவு விட்டுருவோம்னு சொன்ன துண்டு..." என்று ஆரம்பித்தார் தாணுமூர்த்தி. "அதுவும் இருக்கு சார், செகண்ட் ரவுண்டுக்கு வச்சிருக்கோம், செம ஹிட் அது" என்றாள். அதை எடுத்துவிடச் சொல்ல நினைத்தார். சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? போன் மறுபடி அதிர்ந்தது. பன்னிரண்டு. "ஒரு நிமிஷம்மா" என்று தாழ்வாரத்துக்கு வந்தார். குளிர்பதனக் காற்று பவுடர் பூசிய முகத்தில் ஒட்டவில்லை, கழுத்துக்குக் கீழேதான் ஜில்லென்றது. சுவரோரம் திரும்பி நின்றுகொண்டார், அடி வாங்கப் போகிறவர் மாதிரி. திட்டட்டும். அழட்டும். கத்தட்டும். கத்தினால் நன்றாக இருக்கும் என்று ஓர் ஆசைகூட எழுந்தது. பச்சைப் பொத்தானைத் தள்ளினார்.

"சாரே, எடுத்துட்டீயளா" என்றாள் பிரகாசி. மூச்சு வாங்கியது அவளுக்கு. "வேலைத் திரக்குல இருந்திருப்பீய, நான்தான் நிக்காம போட்டுட்டே இருந்தேன், ஒண்ணும் நெனைக்காதீங்க." அவள் மன்னிப்புக் கேட்கிறாள். "காலம்பற அஞ்சு மணிக்கு அவிய போனு போட்டாவ சாரே. தூரத்துல பொகை தெரியுது, சத்தம் கேக்குதுன்னாவ. பொறவு கட்டாயிட்டு. அதுக்கப்புறம் போனு போகவே மாட்டேங்கு. நாலு பேரு போனும் போகல்ல." இவர் "ம்" என்றார். "நீங்க தைரியம் சொன்னதுனாலதான் அவிய மனசு கலங்காம நின்னாவ" என்றாள். குத்திச் சொல்லவில்லை. நன்றியோடு சொன்னாள். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. "ஒரு காரியம் கேக்கணும் சாரே. கலெக்டர் ஆபீசுல நாலு பேரு பேரையும் எழுதிக் குடுத்தாச்சு. மேல எழுதுதோம்னாவ. இப்ப அஞ்சு மணிக்கு நீங்க டிவியில வருவீயன்னு ஓடிட்டே இருக்கு. இன்ன தீவுல நம்ம ஆளுவ நாலு பேரு நிக்காவ, கூட்டிட்டு வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சாரே. நாங்க சொன்னா கரையோட நின்னுரும். நீங்க சொன்னா டெல்லிக்குக் கேக்கும். பேரு எழுதிக்கிடுதியளா?" தாழ்வாரத்தின் மறு கோடியில் ஷர்மிளா கடிகாரத்தைக் காட்டிக் கையை அசைத்தாள். சட்டைப் பையில் பேனா இருந்தது. காகிதம் இல்லை. உள்ளங்கை இருந்தது, எழுதியிருக்கலாம். "வாட்ஸ்அப்ல போடும்மா" என்றார். "கண்டிப்பாச் சொல்றேன்." "சரி சாரே. பிள்ளைகிட்ட சொல்லி அடிக்கச் சொல்லுதேன். எனக்கு அடிக்கத் தெரியாது" என்றாள் அவள். சொல்லிவிடலாம், கட்டாயம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நடந்தார். நாலு வருடத்தில் அந்தத் தாழ்வாரம் இவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

மைக்கைச் சட்டைக்குள் நுழைத்து, மடிப்பில் மாட்டி, ஒயரைப் பின்னால் செருகினார்கள். ஆதரவு நாற்காலி. உட்கார்ந்து உட்கார்ந்து அதன் மெத்தை அவர் உடம்புக்குப் பழகியிருந்தது. எதிரே கனகசபை இன்றைக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. பின்சுவர்த் திரையில் வரைபடம், தீவின் மேல் சிவப்பு வட்டம் விட்டு விட்டு எரிந்தது. அந்த வட்டம் எந்தெந்த வீட்டை, எந்தெந்தப் படகை மூடுகிறது? படம் வரைந்தவன் ஒரு விரலால் இழுத்து வைத்திருப்பான். மேசையைத் தட்டிய துண்டு ஓடியது, புகை ஓடியது, தங்க எழுத்து ஓடியது. "பேராசிரியர் சார்" என்றான் இளமாறன், முகம் மலர, "அன்றே சொன்னீங்க. எப்படித் தெரிஞ்சுது?" தெரியாது என்று சொல். நடக்காது என்றுதான் நினைத்தேன் என்று சொல். ஒரு வார்த்தை. நாலு பேர் என்று சொல். வாய் திறந்தது. நாலு வருடமாக அந்த நாற்காலியில் அந்த வாய் திறந்தால் என்ன வருமோ அது வந்தது. "இதுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல இளமாறன். பேச்சுவார்த்தைன்னு சொல்லி அவகாசம் வாங்குற தந்திரத்தை உலகம் இனிமேலும் பொறுத்துக்கிட்டு இருக்காது. இது துல்லியமான தாக்குதல். ராணுவ இலக்குகளை மட்டும்தான் தாக்கியிருக்காங்க. பொதுமக்களுக்குப் பாதிப்பு இல்லைன்னுதான் தகவல்." என்ன தகவல்? யார் கொடுத்த தகவல்? காதில் விழுந்த குரல் தன்னுடையதுதான், நன்றாகத் தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு. அதை நிறுத்தவேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. நிறுத்தக் கை எட்டவில்லை. கனகசபை ஏதோ கத்தினார். இளமாறன் சிறிய இடைவேளை என்றான். விளக்குகள் கொஞ்சம் தணிந்தன. தொடைக்கு அடியில் ஓர் அதிர்வு. போனை எடுத்து, கையை நீட்டி எட்டத்தில் வைத்து, கண்ணை இடுக்கிப் படித்தார். "சாரே பாத்தோம். அவசரத்துல மறந்திருப்பீய. பரவாயில்ல. அடுத்தால கேக்கும்போ சொல்லுங்க. எல்லாரும் டிவி முன்னாலதான் இருக்கோம்."

மறந்திருப்பீய. அவருக்கு ஒரு சாக்கைக்கூட அவளே தேடிக் கொடுத்துவிட்டாள். மறக்கவில்லை பிரகாசி. ஒரு நொடிகூட மறக்கவில்லை. ஞாபகம் வைத்துக்கொண்டேதான் சொன்னேன், பொதுமக்களுக்குப் பாதிப்பு இல்லை என்று. அந்த வீட்டு வாசலில் எத்தனை பேர் கூடியிருப்பார்கள், எட்டிப் பார்க்கிற அந்த எட்டுப் பேர், தப்பி வந்தவர்கள், அவர்கள் நடுவில் அவள் டிவியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துவிட்டு, இப்போ சொல்வாரு, இப்போ சொல்வாரு என்று உட்கார்ந்திருந்திருப்பாள். எத்திராஜ் ஓடி வந்து நெற்றியில் பஞ்சை ஒத்தினார். "என்ன சார் இப்படி வேர்க்குது, ஏசியைக் கூட்டச் சொல்லட்டா?" என்றார். பத்து, ஒன்பது, எட்டு என்று யாரோ விரலை மடக்கினார்கள். விளக்கு எரிந்தது. லீவு விட்டுருவோம் சார் என்று திரையில் பழைய தாணுமூர்த்தி சொன்னார், பழைய ஸ்டுடியோ சிரித்தது. இளமாறனும் சேர்ந்து சிரித்துவிட்டு, "சரி, அடுத்து என்ன சார்? நம்ம அரசு இப்ப என்ன செய்யணும்?" என்றான். நல்லவேளை, அதைவிட நேரான கேள்வி இருக்க முடியாது.

"நாலு பேர் அங்க இருக்காங்க" என்றார் தாணுமூர்த்தி. "அந்தத் தீவுல. குமரி மாவட்டத்து மீனவங்க. அவங்களைக் கூட்டிக்கிட்டு வரணும். முதல் வேலை அதுதான்." இளமாறன் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது. "யாரு சார் அவங்க?" என்றான். "ததேயு" என்றார். அடுத்த பெயருக்கு வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தெரிந்தால்தானே வரும்? இரண்டு தடவை அவள் சொல்ல வந்தாள், இரண்டு தடவையும் இவருக்கு அவசரம். ஊரே பார்க்க, கேமரா முகத்துக்கு நெருங்கி வர, மூன்று மனிதர்களுக்குப் பெயர் தெரியாமல் உட்கார்ந்திருந்தார். "ததேயு" என்றார் இன்னொரு தடவை. தொடைக்கு அடியில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. மறுபடியும். யாரோ ஒரு பிள்ளை கரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக அவசர அவசரமாக அடித்து அனுப்புகிறது. போனை எடுத்து மேசைமேல் வைத்தார், திரை வெளிச்சமாக இருந்தது, எழுத்து தெரியவில்லை. இளமாறன் காதில் கையை வைத்தான், உள்ளேயிருந்து அவனுக்கு ஏதோ சொல்கிறார்கள். "இந்த நாலு பேரும் மூணு வாரத்துக்கு முன்னாலயே ஊருக்கு வர இருந்தாங்க" என்றார் தாணுமூர்த்தி வேகமாக. "ஒண்ணும் நடக்காது, பயப்படாம அங்கேயே நிக்கச் சொல்லுன்னு அவங்க வீட்டுக்குச் சொன்னது நான். நான்தான் சொன்னேன்." அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். மூக்கில் பவுடர் அப்பியிருந்ததால் அது நிற்காமல் வழுக்கியது. ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு முதல் பெயரை வாசித்தார்.